பின்கட்டு விரிசலும் அயர்லாந்துப் பணமும்

காரைக்குடி
கார்த்திகை 10

அன்புள்ள நாச்சியப்பா,

கடிதம் கிடைத்தது. ஆச்சிக்கு முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நல்லது. இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. ஊருணியில் முக்கால் தண்ணீர்.

அயர்லாந்தில் வீடு விரிசல் விட்டவர்களுக்கு அரசே பணம் தருகிறதே, புதிதாகக் கட்டி விரிசல் விட்ட நம் பின்கட்டுக்கும் அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தாய். கிடையாது. அங்கே டோனிகால், மேயோ மாவட்டங்களில் சுவர் வைத்த கான்கிரீட் கல்லில் அபிரகமும் (மைக்கா) பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமமும் அளவுக்கு மீறிக் கலந்திருந்தன. அபிரகம் தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு சிமென்ட் பிடிப்பைக் கெடுக்கும். பைரைட் ஈரமும் காற்றும் பட்டு அமிலமாகி, உள்ளிருந்தே கல்லை உப்பவைக்கும். கல் கையோடு உதிர்ந்தது. விற்றவரிடமும் காப்பீட்டிலும் பணம் தேறவில்லை, ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். 2020இல் செலவில் 90 சதவீதம் என்று தொடங்கி, 2022 சட்டத்தில் 100 சதவீதமாக்கி, வீட்டுக்கு 4,20,000 யூரோ வரம்பு வைத்தார்கள். பிறகு அதையும் உயர்த்தினார்கள். சும்மா கொடுக்கவில்லை. 2023 செப்டம்பர் முதல் கான்கிரீட்டுக்கு 5 சதவீதத் தீர்வை போட்டு, புதிதாகக் கட்டுகிறவனிடமும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறார்கள்.

நம்மிடம் கட்டிக்கொடுத்தவர்தான் பொறுப்பு. அவரிடமிருந்து வாங்கித் தர நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் எல்லாமே நீ வைத்திருக்கும் ஆதாரத்தைப் பொறுத்தது.

முதலில் விரிசலைப் பிரித்துப் பார். பூச்சில் மட்டும் வலைபோல் ஓடுவது எம்.சாண்டில் தூள் அதிகம், தண்ணீர் விட்டது போதாது என்பதன் அடையாளம்; அதற்காக வழக்குப் போனால் பூச்சுக்கூலிதான் மிஞ்சும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்குவது அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதாக இருக்கலாம். தளத்தின் அடியில் கம்பி போன வழியே நேர்கோடாக, துருக்கறையோடு வந்தால் அதுதான் பெரிய விஷயம்: கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் கனம் (கவர்) 20 மி.மீ.கூட இல்லை, அல்லது உப்புத்தண்ணீரில் கலவை போட்டிருக்கிறார்கள். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டைத் தள்ளிவிட்டுத்தான் ஓயும். பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்து நெட்டு விரிசல் வேறு ரகம். நூறு வருஷமாக இறங்கி நின்றுவிட்ட சுவரோடு இப்போதுதான் இறங்குகிற சுவரைக் கட்டிப்போட்டால் பிளக்கத்தான் செய்யும். அங்கே இடைவெளி விடச் சொல்லி வரைபடத்தில் இருந்து, அதை விடாமல் கட்டியிருந்தால் மட்டுமே அது ஒப்பந்தக்காரர் தப்பு.

கான்ட்ராக்டர் கொத்தனாரை அனுப்பிப் பட்டி பார்த்துத் தருகிறேன் என்பார். விடாதே. பட்டி அடைத்த மறுநாள் உன் ஆதாரம் போயிற்று. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டையைச் சிமென்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதச் சொல். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது. பக்கத்தில் அளவுகோல் வைத்து மாதம் ஒரு படம்.

அடுத்தது கான்கிரீட்டின் பலப் பரிசோதனை. சுத்தியல் கருவியை வைத்துத் தட்டிப் பார்ப்பது துணைக்குத்தான், அதன் கணக்கு 25 சதவீதம் மேலே கீழே போகும். கான்கிரீட்டைத் துளைத்து உருளையாக வெட்டும் துண்டு, அதாவது கோர், எடுக்க வேண்டும், குறைந்தது மூன்று. ஒப்பந்தத்தில் கான்கிரீட் தரம் எம்20 என்றிருந்தால் மூன்றின் சராசரி பலம் சதுர மி.மீ.க்கு 17 நியூட்டனுக்குக் குறையக்கூடாது, எந்த ஒன்றும் 15க்குக் கீழே போகக்கூடாது; கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456இன் கணக்கு இது. துளை போடுமுன் கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவி வைத்துப் பார்க்கட்டும். அதே கோரில் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பான குளோரைடும் பார்க்கச் சொல்: ஒரு கனமீட்டருக்கு 0.6 கிலோதான் வரம்பு. ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஎல்லின் அங்கீகாரம் உள்ள லேப் என்றால் எதிர்த்தரப்பு வாய் திறக்க யோசிக்கும். துரு விஷயத்துக்கு நம் ஊர் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியிலும் விசாரித்துப் பார். இரும்புத் துருவையும் ஆராயும் இடம்.

கேட்பதற்கு வழி, நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித்தருவதும் 2019 சட்டப்படி சேவைதான். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 20 லட்சத்துக்கு மேல் 50 வரை கட்டணம் 1,000 ரூபாய். நீ குடியிருக்கும் கோயம்புத்தூரிலேயே போடலாம். ஆனால் இடத்தை நேரில் பார்க்க ஆணையர் வரவேண்டியிருந்தால் சிவகங்கைதான் சௌகரியம். கெடு 2 வருஷம். சாவி வாங்கிய நாளா, விரிசல் தெரிந்த நாளா என்று எதிர்த்தரப்பு வாதாடும். நீ சாவி வாங்கிய நாளையே கணக்கில் வை. வழக்குப் போடுமுன் கான்ட்ராக்டருக்கு ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ். பழுது பார்க்கும் செலவை ஒரு பொறியாளர் பொதுப்பணித்துறை விலைப்படி மதிப்பிட்டுத் தரட்டும், கூட வேலை நடக்கும் மாதங்களின் வாடகை. ஆத்திரத்தில் தொகையை ஏற்றிப் போடாதே.

தம்பி திருச்சியில் வாங்கிய ஃபிளாட்டுக்கு வழி வேறு, சுலபமும்கூட. திட்டம் 500 சதுர மீட்டரையும் தாண்டி, எட்டு வீட்டையும் தாண்டியிருந்தால் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் வரும். கையில் கொடுத்து 5 வருஷத்துக்குள் குறையைச் சொன்னால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும், இல்லையேல் இழப்பீடு. உத்தரவிட்ட இழப்பீட்டைக் கட்டாவிட்டால் நிலவரி பாக்கிபோல வசூலிக்கலாம்.

பொங்கலுக்கு வரும்போது ஒப்பந்தத்தாள், வரைபடம், வங்கியில் பணம் போன கணக்கு மூன்றையும் எடுத்து வா. கையில் ரொக்கமாகக் கொடுத்தது எவ்வளவு என்று தனியே எழுதி வை. ரசீது இல்லாத பணத்தை அவர் வாங்கவே இல்லை என்பார்.

அன்புடன்,
சோலையப்பன்