பெயர் மட்டும் போதாது, அளவும் வரிசையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாள்பட்ட வலி, தீராத களைப்பு, போதைப் பழக்கம் மூன்றுக்கும் சத்து மாத்திரைகளும் மாற்று முறைகளும் கைகொடுக்கும் என்று உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொன்னது பெரும்பாலும் தப்பில்லை. ஆனால் எதை முதலில் எடுப்பது, எவ்வளவு, எத்தனை நாள் என்ற விவரம் அதில் இல்லை. இந்த விஷயத்தில் பாதி வைத்தியமே அதுதான்.

முதலில் களைப்பு. ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தால் ரத்தம் நன்றாக இருக்கிறது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். இரும்புக் கையிருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. அது மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே போனால், ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் கையிருப்பு காலி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சலோ மூட்டு அழற்சியோ இருக்கும்போது இந்த எண் பொய்யாக ஏறி நிற்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இரும்பு மாத்திரை 'கேட்கவில்லை' என்று நிறுத்துகிறவர்களில் நிறையப் பேர் அதைக் காபி, டீயோடு விழுங்கியிருப்பார்கள், அல்லது கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டிருப்பார்கள். சீக்கிரம் குணமாகட்டும் என்று ஒரே நாளில் இரண்டு மூன்று போடுவது இன்னொரு தவறு. ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து குடலின் கதவைச் சாத்திவிடுகிறது. அது மறுபடி திறக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஆகவே பலருக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில், ஒரே மாத்திரை போதும். மலச்சிக்கலும் வயிற்றுப் புரட்டலும் இதில் குறைவு. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் 3 மாதம் தொடர்ந்தால்தான் கையிருப்பு நிரம்பும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்திருந்தால், மாத்திரையோடு நிறுத்தாமல் குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

அடுத்தது நரம்பு வலிக்கென்று வாங்கும் பி வைட்டமின் கலவைகள். பி6 ஒரு நாளைக்கு 2 மில்லிகிராம்கூடத் தேவையில்லை; ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் அதன் உச்ச வரம்பை 12 மில்லிகிராம் என்று குறைத்தது. கடையில் கிடைக்கும் மாத்திரைகளில் 50, 100 என்று இருக்கிறது. மாதக்கணக்கில் போட்டால் அதுவே பாதத்தில் மரப்பையும் எரிச்சலையும் உண்டாக்கும். நரம்பு இன்னும் தளர்ந்துவிட்டது என்று நினைத்து அதே மாத்திரையை இரட்டிப்பாக்குவதும் நடக்கிறது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினோ வயிற்று அமிலம் குறைக்கும் மாத்திரையோ வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் பி12 அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் ரத்தசோகை சரியாகும், உள்ளே நரம்புச் சேதம் தொடரும்.

கட்டுரையில் ஆபத்தான இடம் மது. தினமும் அதிகமாகக் குடிப்பவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் உடல் நடுக்கத்தோடு கூடிய சித்தக் குழப்பம் வரலாம். எந்தச் சத்து மாத்திரையும் இதைத் தடுக்காது. இன்னொன்று, இவர்கள் உடம்பில் தயமின், அதாவது பி1, வற்றிப்போயிருக்கும். குளுக்கோஸை எரிக்க தயமின் தேவை. சோர்ந்து கிடக்கிறாரே என்று தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் தீர்ந்து மூளை பாதிக்கப்படும். தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு, குழப்பம்: 1881-ல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விவரித்த நோய் இது. பார்ப்பதற்குப் போதை மாதிரியே இருப்பதால்தான் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது. மதுவால் கெட்ட குடல் மாத்திரையைச் சரியாக உறிஞ்சாது, ஊசியாகத்தான் போட வேண்டும். மெக்னீசியம் குறைந்திருந்தால் அந்த ஊசியும் சரியாக வேலை செய்யாது.

போதைக்குக் காதில் ஐந்து ஊசி குத்தும் அக்குபங்சரையும் கட்டுரை புகழ்கிறது. கோகைன் பழக்கம் உள்ள 620 பேரிடம் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், சரியான இடத்தில் குத்தியவர்கள், வேறு இடத்தில் குத்தியவர்கள், ஊசியே இல்லாமல் ஓய்வாக உட்கார்ந்தவர்கள் ஆகியோரிடையே வித்தியாசம் தெரியவில்லை. ஆலோசனையோடு துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

முழங்கால் வலிக்கு, கட்டுரை ஒரே வரியில் தாண்டிய மிளகாய்க் களிம்பு என் கணிப்பில் மஞ்சள் கிழங்கு மாத்திரையைவிட மேல். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் 0.025 சதவீதம் உள்ள களிம்பைப் பட்டாணி அளவு எடுத்து, ஒரு நாளைக்கு 3 அல்லது 4 வேளை மெல்லிசாகத் தடவ வேண்டும். முதல் வாரம் எரியும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். வலியைச் சொல்லும் நரம்பு நுனிகள் அடங்க 2 முதல் 4 வாரம் பிடிக்கும். நினைத்தபோது மட்டும் தடவினால் எரிச்சல்தான் மிஞ்சும். புண் மேல் தடவக் கூடாது, தடவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கண் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

விட்டுப்போன ஒரு குறிப்பு. முடிக்காக பயோட்டின் என்ற பி வைட்டமின் போடுகிறவர்கள் தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்னால் அதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால், தைராய்டு குறையும்போது ஏற வேண்டிய டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பொய்யாகக் குறைந்து காட்டும். களைப்புக்குக் காரணமான தைராய்டுக் குறைவு அதில் மறைந்துபோகும். இதை ஒரு சின்னக் கட்டத்தில் போட்டாலும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மருந்தியல் துறை வாசகர்