எண்ணைக் கோப்பில் எழுதும்போது லொகேலைப் பார்க்காதீர்கள்

நிரல் நூலகங்களும் கட்டளைக் கருவிகளும் எழுதித் தரும் நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிரலாளர்களே, வணக்கம்.

நீங்கள் எழுதும் கருவிகளை நம்பித்தான் என் வேலை ஓடுகிறது. பல நாடுகளிலிருந்து வரும் அளவீட்டுக் கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுபவன் நான். அந்த வேலையில் திரும்பத் திரும்ப முட்டிக்கொள்ளும் ஒரு வழுவைப் பற்றி உங்களிடம் நேரடியாகப் பேச வேண்டும். மொழி, எண், தேதி எல்லாம் எந்த நாட்டு வழக்கப்படி வர வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் அமைப்புக்கு லொகேல் என்று பெயர். கணினியில் எந்த நாட்டு லொகேல் இருக்கிறதோ, அதற்கேற்ப உங்கள் கருவி கோப்பில் எண்ணை எழுதும் முறையும் படிக்கும் முறையும் மாறிவிடுகிறது.

நாம் 3.14 என்று எழுதுவதை ஜெர்மானியர்கள் 3,14 என்று எழுதுவார்கள். ஆயிரத்தைப் பிரிக்க அவர்களுக்குப் புள்ளி, பிரெஞ்சுக்காரர்களுக்கு இடைவெளி, நமக்கு 12,34,567 என்று லட்சக் கணக்கில் கமா. இதில் எதுவும் தவறில்லை. தசமக் குறியாகப் புள்ளியும் வரலாம், கமாவும் வரலாம் என்றுதான் எடைகள், அளவுகளுக்கான பொது மாநாடும் 2003இல் தீர்மானம் போட்டது. மனிதர் படிக்கும் திரையில் அவரவர் வழக்கப்படி எண் தெரிவது அவரவர் உரிமை. ஆனால் அதே வழக்கம், இன்னொரு நிரல் படிக்க வேண்டிய கோப்புக்குள் ஏன் வருகிறது?

வேர் எங்கே என்று உங்களுக்கே தெரியும். சி மொழியில் நிரல் தொடங்கும்போது எந்த நாட்டையும் சாராத "சி" லொகேலில்தான் இருக்கும், தசமக் குறி புள்ளிதான். லொகேலை மாற்றும் செட்லொகேல் சார்பை யாராவது அழைத்துப் பயனரின் லொகேலை எடுத்துக்கொள்ளச் சொன்ன நொடியில், எண்ணை எழுதும் பிரிண்ட்எஃப், எழுத்தை எண்ணாகப் படிக்கும் ஏடூஎஃப் எல்லாமே மாறிவிடுகின்றன. அழைப்பது நீங்களாகவே இருக்க வேண்டியதில்லை. சாளரங்களும் பொத்தான்களும் வரையும் வரைகலை நூலகமான ஜிடிகே, தன்னைத் தொடங்கும்போதே அதைச் செய்துவிடும். லினக்ஸில் க்யூட்டி என்ற இன்னொரு வரைகலை நூலகமும் அப்படித்தான். எண் மாற்றத்தில் சிக்கல் வரலாம், எண்களுக்கான லொகேலை மட்டும் உடனே "சி"க்குத் திருப்பி வையுங்கள் என்று க்யூட்டியின் ஆவணமே சொல்கிறது. அதாவது, உங்கள் நூலகம் தனியாக எல்லாச் சோதனையிலும் தேறியிருக்கும். ஒரு வரைகலை நிரலுக்குள் செருகிய பிறகு, அதுவும் ஜெர்மன் பயனரின் கணினியில் மட்டும், கணக்கு தவறும். செட்லொகேல் மொத்த நிரலையும் பாதிப்பதால், எந்த நூலகம் மாற்றியது என்று தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது, பல நேரம் பிழைச் செய்தியே வராமல் போவதுதான். ஜெர்மன் லொகேலில் ஏடூஎஃப்பிடம் 3.14 கொடுத்தால் புள்ளியைக் கண்டதும் நின்று 3 என்று திருப்பித் தரும். மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் தளத்தில் அதே எண்ணை ஜெர்மன் முறையில் படித்தால் புள்ளியை ஆயிரப் பிரிப்பான் என்று எடுத்துக்கொண்டு 314 என்று தரும். ஒன்றில் பின்னம் காணாமல் போகிறது, மற்றதில் அளவு நூறு மடங்காகிறது. இரண்டிலும் நிரல் சிக்கலின்றி ஓடி முடிகிறது. அது ஒரு மருந்தின் அளவாகவோ பாலத்தின் சுமையாகவோ இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டளைகளை ஓட்டும் பாஷ் பரவாயில்லை, அதே 3.14ஐ அச்சிடச் சொன்னால் தவறான எண் என்று முணுமுணுக்கவாவது செய்கிறது. அப்புறம் அதுவும் 3,00 என்று அச்சிட்டுவிட்டு மேலே போகிறது.

எழுதும் பக்கமும் இதே கதைதான். நிரல்கள் தரவு பரிமாறும் ஜேசான் வடிவத்தில் தசமக் குறி புள்ளி மட்டுமே. எண்களின் பட்டியலுக்கு வெளியே கமா விழுந்தால் கோப்பே செல்லாது, அதனால் உடனே தெரிந்துவிடும். கோடுகளை எண்களாக எழுதிவைக்கும் எஸ்விஜி படத்தில் கமா ஆயப்புள்ளிகளைப் பிரிக்கும் குறி. அங்கே 1,5 என்று எழுதினால் ஒரு எண் இரண்டு எண்களாகி, கோடுகள் வேறெங்கோ போகும்.

இதைச் சரிசெய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் சரிசெய்தவர்கள் இருக்கிறார்கள். வலைத்தளங்களுக்கான பிஎச்பி மொழி 2020இல் வந்த 8.0 பதிப்பில், பின்ன எண்ணை எழுத்தாக மாற்றும்போது லொகேலைப் பார்ப்பதை நிறுத்தியது. உரைக் கோப்புகளை அலசும் ஜிஎன்யூ ஆக் கருவி, கேட்டால் ஒழிய லொகேலின் தசமக் குறியைப் பயன்படுத்துவதில்லை. புள்ளியியலுக்கான ஆர் மொழியில் எண் லொகேலை மாற்றப் பார்த்தால், ஆர் விசித்திரமாக நடந்துகொள்ளலாம் என்று எச்சரிக்கிறது. சி++17இல் லொகேலைச் சாராத எண் மாற்றச் சார்புகள் வந்துவிட்டன, ஜிடிகேயின் அடித்தள நூலகமான ஜிலிப்பில் அதற்கு முன்பிருந்தே உண்டு.

"எல்சி_ஆல்=சி என்று வைத்து ஓட்டுங்கள், சரியாகிவிடும்" என்று தயவுசெய்து பயனரிடம் சொல்லாதீர்கள். எல்சி_ஆல் என்பது லொகேலின் எல்லாப் பகுதிகளையும் ஒரேயடியாக மாற்றும் அமைப்பு, அது எண்ணோடு நிற்காது. செய்திகள் ஆங்கிலத்துக்கு மாறும், அகரவரிசை மாறும், தமிழில் பெயரிட்ட கோப்புகள் பட்டியலில் குழம்பித் தெரியும். ஒரு தசமப் புள்ளிக்காகப் பயனர் தன் மொழியையே விட்டுக்கொடுக்க வேண்டுமா?

தமிழ் நிரலாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் தசமக் குறி புள்ளிதான், நமக்கு இதில் சிக்கல் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். திரைக்காக 12,34,567 என்று அலங்கரித்த எண்ணை அப்படியே சேமித்து, எழுத்தை எண்ணாக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டின் பார்ஸ்ஃப்ளோட்டிடம் கொடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம் வெறும் 12 ஆகத் திரும்பி வரும். தவிர, மனிதருக்கான வடிவம் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். யூனிகோடின் லொகேல் தொகுப்பு 2018இல் பிரெஞ்சு ஆயிரப் பிரிப்பானைக் குறுகிய இடைவெளியாக மாற்றியது. பழைய இடைவெளியை எதிர்பார்த்த நிரல்களுக்குப் புதிய எண்ணைப் படிக்கத் தெரியவில்லை.

என் வேண்டுகோள் பெரிதல்ல. கோப்பு, ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் குழாய், வலைச் செய்தி எதுவானாலும் லொகேலைச் சாராத சார்புகளால் எழுதுங்கள், அவற்றாலேயே படியுங்கள். எண்ணின் கடைசி எழுத்து வரை படிக்க முடியாவிட்டால் நிறுத்திப் பிழை சொல்லுங்கள். லொகேலைத் திரையில் காட்டும் கடைசிப் படிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அதை முழு மனதோடு ஆதரியுங்கள். உங்கள் தானியங்கிச் சோதனைகளை ஜெர்மன் லொகேலில் இன்னொரு முறை ஓட்டுங்கள். அந்த லொகேல் சோதனைக் கணினியில் நிறுவப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் செட்லொகேல் தோற்று, நிரல் "சி"யிலேயே ஓடி, சோதனை தேறியதாகக் காட்டிவிடும்.

அன்புடன்,
உங்கள் கருவிகளைப் பயன்படுத்தும் ஒரு தரவுப் பணியாளர்