நட்புக்கு மதிப்பெண் போடச் சொல்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காணொளிகளிலும் மேடைகளிலும் உறவுகளைப் பற்றி ஆலோசனை சொல்லும் பேச்சாளர்களுக்கு,

வணக்கம். நட்பு சும்மா கிடைத்துவிடக் கூடாது, அதைச் சம்பாதிக்க வேண்டும் என்று சொல்கிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, தன்மானம் உள்ளவர் பேச்சு மாதிரி. ஒரே ஒரு கேள்வி. உங்களுடைய மிக நெருங்கிய நண்பர் உங்களை எப்படிச் சம்பாதித்தார்?

யோசித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே பெஞ்சு, ஒரே விடுதி அறை, ஒரே பேருந்து என்றுதான் வரும். மேடி சீகல் என்ற ஆய்வாளர் 1974-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒரு காவலர் பயிற்சிப் பள்ளியில் குடும்பப் பெயரின் அகர வரிசைப்படி அறையும் இருக்கையும் ஒதுக்கியிருந்தார்கள். யார் யாருக்கு நண்பர் என்று விசாரித்தால், வரிசையில் பக்கத்துப் பக்கத்துப் பெயர்க்காரர்களே நண்பர்களாகியிருந்தார்கள். வயது, மதம், பொழுதுபோக்கு எல்லாம் ஒத்துப்போவதைவிட எழுத்து வரிசைக்குப் பலம் அதிகம். பெயரின் முதல் எழுத்தை யாரும் உழைத்துச் சம்பாதிப்பதில்லை.

அப்புறம் நேரம். ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகிறது என்று கணக்கிட்டார். சேர்ந்து வேலை பார்த்த நேரம் அதில் அவ்வளவாக உதவவில்லை. வெட்டிப்பேச்சு, ஊர் சுற்றல், ஒன்றும் செய்யாமல் கூட உட்கார்ந்திருத்தல் ஆகியவைதான் உதவின. அந்த நேரத்தில் யாரும் யாருக்கும் தன் தகுதியை நிரூபித்துக்கொண்டிருப்பதில்லை.

இப்போது உங்கள் மதிப்பெண் தாளுக்கு வருகிறேன். உங்களில் ஒருவர் வெளியிட்டது, என் அக்கா மகள் அச்செடுத்து வைத்திருந்தாள். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். கூப்பிட்டால் உடனே எடுக்கிறாரா, பிறந்தநாளுக்கு வாழ்த்துகிறாரா, உங்கள் வளர்ச்சிக்கு உதவுகிறாரா என்று போகிறது. ஐம்பதுக்குக் கீழே வாங்கியவர் 'உங்கள் நட்புக்குத் தகுதியற்றவர்'. சின்ன வயதிலிருந்து கூடவே சுற்றிய தோழிக்கு அவள் பென்சிலால் முப்பத்திரண்டு போட்டிருந்தாள். போன் கேள்விக்கு நேரே பூஜ்யம். அந்தப் பெண்ணின் அப்பா பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். அவரைப் புரட்டிப் படுக்கவைப்பதும் ஊட்டிவிடுவதும் அவள்தான். கை ஒழிந்தால்தானே போனை எடுப்பாள்? தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

இதில் இன்னொரு விளைவையும் பார்த்தேன். தன்னைப் பற்றி யார் யார் இதே தாளை நிரப்பிக்கொண்டிருக்கிறார்களோ என்று என் அக்கா மகளுக்கே பயம் வந்துவிட்டது. இப்போதெல்லாம் போன் அடித்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுகிறாள். சம்பாதிக்க வேண்டியது என்று ஆகிவிட்டால், ஒருநாள் இழந்துவிடக்கூடியது என்றும் ஆகிவிடுகிறது அல்லவா? வேலை போனவர், மனம் சோர்ந்து கிடப்பவர், உடம்பு முடியாதவர் எல்லாம் கைகொடுக்க ஆள் தேவைப்படும் நேரத்தில்தான் மதிப்பெண்ணில் சரிவார்கள். சரிந்தது தெரிந்தால் கூசிப்போய் ஒதுங்கிவிடுவார்கள்.

குறள் சொல்லாமல் உங்கள் பேச்சு முடிவதில்லை. 'நாடாது நட்டலின் கேடில்லை', அதாவது ஆராயாமல் நட்புக் கொள்வதைவிடப் பெரிய கேடு இல்லை என்று ஆரம்பித்து அங்கேயே நிறுத்திவிடுகிறீர்கள். மிச்சம் என்ன? 'நட்டபின் வீடில்லை நட்பாள் பவர்க்கு.' சேர்ந்த பிறகு விடுதலை கிடையாது, ஆகவே சேருமுன் பார்த்துக்கொள் என்கிறார். அது வாசலில் ஒருமுறை பார்ப்பது. நீங்கள் சொல்வதோ, உள்ளே வந்து உட்கார்ந்து பல வருடமானவரிடம் தினமும் நுழைவுச்சீட்டு கேட்பது.

எதைப் பார்க்கச் சொன்னார் என்பதையும் கவனியுங்கள். அதே நட்பாராய்தல் அதிகாரத்தில், நாம் அழும்படி இடித்துச் சொல்லக்கூடியவரைத் தேடிப்பிடித்து நட்பாக்கிக்கொள் என்கிறது 795-ஆம் குறள். உங்கள் தாளில் 'உங்களை விமர்சிக்கிறாரா?' என்று ஒரு கேள்வி. ஆம் என்றால் மதிப்பெண் போச்சு. வள்ளுவர் தேடிச் சேர்க்கச் சொன்ன ஆளை நீங்கள் முதலில் வெளியே அனுப்புகிறீர்கள்.

அடுத்த அதிகாரம் பழைமை. நண்பர் மனம் நோகும்படி ஏதாவது செய்துவிட்டால், ஒன்று அறியாமை, இல்லையென்றால் அளவு கடந்த உரிமை என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது 805. இன்னும் கொஞ்சம் தள்ளி 813-இல், நட்பால் தனக்கு என்ன வரும் என்று எடைபோடுகிறவரைக் கள்வரோடு ஒரே வரிசையில் நிறுத்துகிறார். உங்கள் தாளின் மூன்றாவது கேள்வியைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

'தீயவர் நட்பை விடச் சொல்லியிருக்கிறாரே' என்பீர்கள். சொல்லியிருக்கிறார், எதையாவது கொடுத்தாவது ஒழித்துவிடு என்கிற அளவுக்கு. ஏமாற்றுகிறவரை, அடிக்கிறவரை, முதுகுக்குப் பின்னால் இழித்துப் பேசுகிறவரை விட்டு விலகத்தான் வேண்டும். அதில் நமக்குள் சண்டையே இல்லை. வீட்டுச் சாவி, கைமாற்று, ரகசியம் இவற்றையும் ஆளைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அந்த நம்பிக்கையைச் சம்பாதித்துத்தான் ஆகவேண்டும். எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், வாயில் எதுவும் தங்காது. அவரிடம் ரகசியம் எதையும் சொல்வதில்லை. மருத்துவமனையில் ராத்திரி முழுக்கத் துணைக்கு உட்கார ஆள் வேண்டுமென்றால் நான் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். உங்கள் கணக்கில் அவருக்கு எத்தனை வரும் என்று நான் போட்டுப் பார்க்கவில்லை.

தாளை எடுத்துவிடுங்கள் என்றால் எடுக்க மாட்டீர்கள். அதை வைத்துத்தான் பயிற்சி வகுப்புக்கு ஆள் சேர்கிறது, தெரியும். குறைந்தது 'தகுதியற்றவர்' என்ற வரியையாவது எடுங்கள். அந்த இடத்தில், குறைந்த மதிப்பெண் வாங்கியவரைக் கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால் மறுநாள் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்கள். அடுத்த முறை அந்தக் குறளைச் சொல்லும்போது தயவுசெய்து இரண்டு அடியையும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் காணொளிகள் விடாமல் ஓடும் வீட்டில் இருக்கும் ஒருவர்