எலி வருடம் எது?

அன்புள்ள சுந்தரம்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாளாமே! இனி அச்சுத் தாள்களை மேசைமேல் வைக்காதே.

நீ வாங்க நினைக்கும், ஜப்பானிய ஓவியர் குனிசதாவின் மரக்கட்டை அச்சுக்கு வருகிறேன். அதில் இருப்பவர் கபுகி என்ற ஜப்பானிய நாடகத்தின் நடிகர். ‘எட்டாம் இச்சிகாவா தஞ்சூரோ, 1852’ என்று விற்பவர் எழுதித் தந்திருக்கிறார். நடிகர் சரியாக இருக்கலாம், ஆண்டு தவறு.

தாளிலுள்ள தணிக்கை முத்திரையைப் பார். ஜப்பானியர் ஆண்டுகளுக்கு விலங்குப் பெயர் வைப்பார்கள். எலி வருடம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1852, பிறகு 1864. 1852-இல் தணிக்கை செய்த இரண்டு பேட்டைத் தலைவர்களின் முத்திரைகள் தனித்தனியாக இருக்கும், பக்கத்தில் நீள்வட்டத்தில் தேதி. 1853 கடைசியில் தலைவர்களின் முத்திரை போய், ‘அரதமே’ (சரிபார்த்தது) என்ற ஒற்றை முத்திரையும் தேதியும் வந்தன. 1859 முதல் அரதமே, விலங்கு, மாத எண் எல்லாம் ஒரே வட்டத்துக்குள். உன் தாளில் வட்டம் ஒன்றுதான். உள்ளே எலி, ஐந்து. ஆக 1864, ஐந்தாம் மாதம். பழைய சந்திர நாட்காட்டிக் கணக்கு என்பதால் அது நம் ஜூனை ஒட்டி வரும். ‘தொயொகுனி’ என்ற கையெழுத்து இதைத் தீர்க்காது. 1844 முதல் கடைசிவரை குனிசதா அந்தப் பெயரில்தான் ஒப்பமிட்டார்.

எட்டாம் தஞ்சூரோ 1854-லேயே ஒசாகாவில் இறந்துவிட்டார். அதனால் நடிகர் பெயரும் பொய் என்று முடிவுகட்டிவிடாதே. 1860-களில் குனிசதா, மறைந்த நடிகர்களையும் புகழ்பெற்ற வேடங்களில் வரைந்தார். மேடையில் நடக்காத நடிகர்-வேடப் பொருத்தங்களைக் கற்பனையாக வரைவதும் வழக்கம். ஆகவே அந்த ஆண்டின் நாடக விளம்பரத் தாளில் தேடி ஏமாறாதே. நீண்ட முகமும் மேலேறிய ஒடுங்கிய கண்களும் தஞ்சூரோவுடையவைதான். உடையில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரம் இருந்தால் இச்சிகாவா குடும்பச் சின்னம். அதைக் குடும்பத்தின் மற்றவர்களும் அணிவார்கள், அதனால் முகத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பட்டாம்பூச்சி இருந்தால் அது நடிகருடையது அல்ல, சோகா கோரோ என்ற நாடகப் பாத்திரத்தின் அடையாளம். தாளில் வேடப் பெயர் மட்டும் இருப்பதும் குறையில்லை. 1842 சீர்திருத்தத்தில் நடிகர் அச்சுகளுக்குத் தடை வந்தபின், பெயரை விட்டு முகத்தை மட்டும் காட்டும் பழக்கம் நெடுநாள் நீடித்தது.

எனக்கு ஆண்டைவிட அச்சின் தரமே முக்கியம். நெற்றியோர முடிக்கற்றைகளை உருப்பெருக்கியில் பார். மரக்கட்டை தேயும்போது முதலில் உடைவது அந்த மயிரிழைக் கோடுகள்தான். கறுப்பு உடையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடி. பளபளக்கும் கோலம் தெரிந்தால், செதுக்கிய கட்டையைத் தாளுக்கு அடியில் வைத்து முன்பக்கம் தேய்த்திருக்கிறார்கள். அவசரமாக அடித்த பின்னாளைய பிரதிகளில் முதலில் விட்டுவிடுவது இப்படிப்பட்ட வேலையைத்தான். பின்பக்கம் வண்ணம் ஊறியிருக்க வேண்டும், பாரென் என்ற தேய்க்கும் வட்டத் தட்டின் சுழல் தடமும் தெரியலாம். உருப்பெருக்கியில் சீரான புள்ளி வரிசை தெரிந்தால் அது இயந்திரப் பிரதி, பேச்சே வேண்டாம்.

ஊதா மங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். அதில் கலந்த குசும்பப்பூச் சிவப்பு வெளிச்சத்தில் போய்விடும், நீலம் மட்டும் மிஞ்சும். 1830 வாக்கில் பரவிய பிரஷ்யன் நீலம் உறுதியானது. அதற்கு முந்தைய பல அச்சுகளில் இருந்த நீலம் கானாவாழை இனத்துப் பூவின் சாறு, ஈரம் பட்டால் மங்கிப் பழுப்பாகும். எந்தத் தாளையும் கழுவாதே, பசைநாடா ஒட்டாதே.

பணம் கொடுக்கும் முன் தாளை அளந்து எழுது. சுமார் 36 × 25 செ.மீ.க்கு வெகுவாகக் குறைந்தால் ஓரம் வெட்டியிருக்கிறார்கள். இடமோ வலமோ உருவம் பாதியில் நின்றால் மூன்று தாள் தொகுதியில் இருந்து பிரித்தது. ஒவ்வொரு தாளிலும் கையெழுத்தும் முத்திரையும் இருப்பதால் தனித்தாள் என்று விற்றுவிடுவார்கள். அப்படியென்றால் விலையைக் குறைத்துக் கேள்.

அன்புடன்,
ராமு