கோபம் யார் மீது திரும்ப வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூர் வட்டாரத்தில் வடமாநிலத் தொழிலாளர் குறித்து நடக்கும் பேச்சுகளில், நேர்ந்த தீங்கைக் காட்டிலும் நேர்ந்துவிடுமோ என்று அஞ்சும் தீங்கே மிகுதியாக இருப்பது கவலை அளிக்கிறது.

பிறர் மீதான வெறுப்பு தனிமனிதரின் கசப்பிலிருந்து பிறப்பதைவிட, தம் கூட்டத்துக்கு உரியதென்று எண்ணிய இடம் பறிபோகுமோ என்ற உணர்விலிருந்தே பிறக்கிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் எர்பர்ட் புளூமர் 1958-இல் எழுதினார். பின்வந்த ஆய்வாளர்கள், வேலையும் கூலியும் போய்விடும் என்ற அச்சத்தையும், மொழியும் வழக்கமும் மாறிவிடும் என்ற அச்சத்தையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினர். நம் ஊரில் இரண்டையும் ஒரே மூச்சில் பேசிவிடுவதால் எதற்கும் விடை கிடைப்பதில்லை.

கூலி பற்றிய அச்சத்தை நான் புறந்தள்ளவில்லை. சிப்காட் ஆலைகளில் ஒப்பந்த வேலைக்கு அலையும் நம் பிள்ளைகளுக்கு அது மெய்யான கவலை. ஆனால், ஒரே வகை வேலைக்கு உள்ளூர்த் தொழிலாளிக்கு நிகரான கூலியையே வெளிமாநிலத் தொழிலாளிக்கும் கொடுக்க வேண்டும் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. அதற்கு மாறாகக் குறைந்த கூலிக்கு ஆள் கொண்டுவரும் ஒப்பந்ததாரர்கள் மீது எழ வேண்டிய கோபம், தகரக் கொட்டகையில் பலரோடு நெருக்கியடித்துப் படுத்திருக்கும் ஒடிசா இளைஞன் மீது திரும்புகிறது. இது அநியாயம் மட்டுமன்று, கூலியும் இதனால் ஒரு ரூபாய்கூட உயராது.

மொழி பற்றிய அச்சமோ, தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் தலைமுறைகளாக ஒரே சந்தையில் புழங்கும் ஓசூருக்குச் சற்றும் பொருந்தாது. கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டினால் நாம்தான் சிறுபான்மையினர். காவிரிப் பிரச்சினையில் 1991 டிசம்பரில் பெங்களூருவில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, நீர்ப்பங்கீட்டில் எந்தக் கையும் இல்லாத கூலித் தொழிலாளரும் வீடு வாசலை விட்டு ஓடிவந்தனர்.

அச்சம் வதந்தியோடு சேரும்போது ஆளைக்கூடப் பார்ப்பதில்லை. பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக 2018-இல் வாட்ஸ்அப்பில் பரவிய பொய்யால், பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த தமிழ் மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார்.

ஆகவே, குற்றச் செய்திகளில் தேவையின்றி ‘வடமாநில வாலிபர்’ என்று தலைப்பிடுவதைத் தங்கள் நாளிதழ் கைவிட வேண்டுகிறேன். சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளருக்கு உண்மையில் என்ன கூலி தரப்படுகிறது என்பதைத் தொழிலாளர் துறையிடம் கேட்டு வெளியிடவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.