செயலாளரின் ஆண்டறிக்கை: சாட்ஸ்வொர்த் தோட்டம் பார்த்த ஆண்டு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்துக்குப் பிறகு நம் தோட்டச் சங்கத்தின் நிர்வாகசபை ஆறு முறை கூடியது. மாசியில் விதைப் பரிமாற்றம் வழமைபோல் நடந்தது. வெண்டி, பயற்றை, பாகல் விதைகள் எல்லோருக்கும் கிடைத்தன. முருங்கை இந்த முறையும் பனியில் பட்டுப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஆடி மாதத்தில் நாம் போய்வந்த சாட்ஸ்வொர்த் பயணத்துக்கே ஒதுக்குகிறேன். இந்த ஆண்டு நாம் செய்தவற்றில் சிறந்தது அதுதான் என்பது என் எண்ணம்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறரைக்கு வரவேண்டிய பேருந்து எட்டு மணிக்குத்தான் வந்தது. முதியவர்கள் தூறலில் ஒன்றரை மணிநேரம் நின்றார்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்டதால் நம்மால் வற்புறுத்திப் பேச முடியவில்லை. இனிமேல் பாதிப் பணம்தான் முன்பணம், மீதி வீடு திரும்பிய பிறகு என்று நிர்வாகசபை முடிவு செய்துள்ளது.

சாட்ஸ்வொர்த், இங்கிலாந்தின் டார்பிஷயரில் டெர்வென்ட் ஆற்றங்கரையில் இருக்கும் டெவன்ஷயர் பிரபுக்களின் மாளிகை. தோட்டம் மட்டும் 105 ஏக்கர். மாளிகைக்குள் போய் ஓவியங்களைப் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் நாம் போனது ஜோசப் பாக்ஸ்டனின் வேலையைப் பார்க்க. விவசாயக் குடும்பத்தில் பிறந்த அவர், லண்டன் சிசிக்கில் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது பக்கத்து வளவுக்காரரான ஆறாவது டெவன்ஷயர் பிரபுவின் கண்ணில் பட்டார். 23 வயது நிறையுமுன்பே சாட்ஸ்வொர்த்தில் தலைமைத் தோட்டக்காரர் வேலை கிடைத்தது. 1826 மே 9ஆம் திகதி அதிகாலை நாலரை மணிக்கு அவர் வந்து சேர்ந்தபோது ஒருவரும் எழும்பியிருக்கவில்லை. மதிலேறி உள்ளே குதித்து, தோட்டம் முழுவதையும் சுற்றிப் பார்த்து, ஆறு மணிக்கு ஆட்களை வேலைக்கு ஏவினார். காலைச் சாப்பாட்டு மேசையில் சந்தித்த சாராவைத்தான் அடுத்த ஆண்டு மணம் முடித்தார். இதைப் பேருந்தில் நான் வாசித்தபோது இளையவர்கள் கைதட்டினார்கள்.

'எம்பரர்' நீரூற்றின் முன்னால் நாம் அதிக நேரம் நின்றோம். ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கலஸ் வரக்கூடும் என்று 1844இல் ஆறே மாதத்தில், இரவிலும் வெளிச்சம் வைத்து வேலை செய்து முடித்தது அது. சக்கரவர்த்தி இங்கிலாந்துக்கு வந்தார், சாட்ஸ்வொர்த்துக்கு வரவில்லை. நீர் 90 மீற்றர் வரை எழுந்ததாகப் பதிவு இருக்கிறது. சிறுவயதில் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் கிணற்றுத் துலா மிதித்த நம் மூத்த அங்கத்தவர் என் தோளைத் தொட்டு, "தம்பி, மோட்டர் எங்கை வச்சிருக்கினம்?" என்று கேட்டார். மோட்டரே கிடையாது. மேலே மேட்டில் சுமார் 350 அடி உயரத்தில் குளம் வெட்டி, குழாய் வழியே இறக்கிய தண்ணீர் தன் பாரத்தாலேயே கீழே பீறிடுகிறது. ஐயா நெற்றியில் கைவைத்து மேட்டையும் நீரூற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "எங்களுக்கு ஒரு மேடு இல்லாமல் போச்சு" என்றார்.

அடுத்தது மரங்களை நட்டு அமைத்த சிக்கல்வழி, அதாவது வழி தெரியாமல் சுற்றவைக்கும் புதிர்ப்பாதை. பாக்ஸ்டன் 1836 முதல் 1840 வரை கட்டிய பெரும் கண்ணாடி மாளிகை அங்கேதான் நின்றது. நீளம் 277 அடி. வெப்பமண்டல மரங்களைக் காக்க நிலத்தடியில் கொதிகலன்கள் எரிந்தன. 1843இல் விக்டோரியா மகாராணி வந்தபோது அதற்குள் விளக்கேற்றி வண்டியிலேயே அழைத்துப் போனார்கள். முதல் உலகப் போரில் நிலக்கரி கிடைக்கவில்லை, சூடு இல்லை, செடிகள் செத்தன. 1920இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1962இல் அதே இடத்தில் யூ மரங்களை நட்டுச் சிக்கல்வழி அமைத்தார்கள். ஒவ்வொரு மாரியிலும் கண்ணாடிக் கூடாரத்துக்குள் சின்னச் சூடாக்கியை வைத்துக் கறிவேப்பிலையைக் காப்பாற்றப் பாடுபடும் நமக்கு அந்த வெறும் அத்திவாரம் நன்றாகவே புரிந்தது.

இனி வாழை. மொரீஷியஸிலிருந்து வந்த ஒரு கன்றைப் பாக்ஸ்டன் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்தார். 1835 நவம்பரில் பூத்தது, அடுத்த ஆண்டு குலை தள்ளி, தோட்டக்கலைச் சங்கக் கண்காட்சியில் பதக்கமும் பெற்றது. பிரபுவின் குடும்பப் பெயரான கவென்டிஷ் அந்த வாழைக்கு வைக்கப்பட்டது. இன்று லண்டன் கடைகளில் நாம் வாங்கும் மஞ்சள் பழம் அந்தக் கவென்டிஷ் இனந்தான். முன்பு ஏற்றுமதியில் கோலோச்சிய குரோ மிஷேல் வாழையைப் பனாமா வாடல் நோய் அழித்த பிறகு உலகச் சந்தை இதன் கைக்கு வந்தது. இப்போது இதற்கும் அதே நோயின் புதிய வகை ஒன்று பரவிவருகிறது. திருச்சியிலிருந்து வந்த அங்கத்தவர், "எங்க ஊர்ல இதை மோரிஸ்னு சொல்லுவோம். மொரீஷியஸ்தான் மோரிஸ் ஆயிருக்கும் போல" என்றார். அந்த இடத்தில் நின்று கேட்க எனக்கு மெய்சிலிர்த்தது.

கண்ணாடி வீட்டில் அந்தக் கவென்டிஷ் இன வாழை இப்போதும் நிற்கிறது. இலை ஓரம் கிழிந்து, தண்டைச் சுற்றிக் காய்ந்த சருகுடன், ஊரில் கிணற்றடியில் நிற்பது போலவே நின்றது. அடியில் மூன்று குட்டிகள். ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்தால்தான் அடுத்த குலை பெருக்கும் என்று நம் அக்கா ஒருவர் அங்கே வேலை செய்த தோட்டக்காரப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தினார். அந்தப் பிள்ளை கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்து, எந்தக் குட்டி என்று காட்டச் சொன்னாள்.

இப்படிச் செடி சேர்த்ததற்கு விலையும் இருந்தது. செடி தேடி வட அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட வாலஸ், பாங்ஸ் என்ற இரண்டு இளம் சாட்ஸ்வொர்த் தோட்டக்காரர்கள் 1838இல் கொலம்பியா ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்கள் பெயர் நம் சங்கப் பதிவிலும் இருக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

அடுத்த பயணம் கடற்கரைக்கு என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். கடற்கரைக்கு அவரவர் காரில் போகலாம். தோட்டத்துக்குச் சேர்ந்து போனால்தான் ஒருவர் கண்ணில் படாதது இன்னொருவர் கண்ணில் படும். ஆகவே அடுத்த ஆண்டும் தோட்டமே, ஒரு நாளுக்கு ஒரே தோட்டம் என்று முன்மொழிகிறேன். சபையின் ஒப்புதலைக் கேட்கிறேன்.

சங்கத்துக்காக வாங்கிய இரண்டு குட்டைக் கவென்டிஷ் கன்றுகள் என்னிடம் உள்ளன. சூடு வைக்கக்கூடிய கண்ணாடிக் கூடாரம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் தரவும். ஐப்பசிக்கு முன் கன்றை உள்ளே எடுத்துவிட வேண்டும்.

நன்றி.
செயலாளர்