தயிர்சாதத்தை நிறுத்துவதற்கு முன்னால்

அன்புள்ள சுதா,

பாலும் கோதுமையும் நிறுத்தினால் ஆட்டிசம் உள்ள உன் பையனுக்குப் பேச்சு வந்துவிடும் என்று அந்த கிளினிக்கில் சொன்னதாக எழுதியிருந்தாய். திங்கட்கிழமை முன்பணம் வேறு கட்டப்போகிறாய். கட்டாதே சுதா, இதைப் படித்துவிட்டு முடிவு பண்ணு.

கோதுமையில் உள்ள குளூட்டன், பாலில் உள்ள கேசீன் என்ற இரண்டு புரதங்களும் சரியாகச் செரிக்காமல், அபின் மாதிரி வேலை செய்கிற துண்டுகளாக மூளைக்குப் போகின்றன என்பதுதான் இதன் அடிப்படை. பல வருடங்களாகப் பேசப்படுகிற கருத்து, கேட்டால் நம்பத்தான் தோன்றும். ஆனால் சாப்பாட்டில் என்ன கலந்திருக்கிறது என்று பெற்றோருக்கே தெரியாமல் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் வரவில்லை.

கோதுமையை விடுவது நமக்குப் பெரிய பாடில்லை. இட்லி, இடியாப்பம், ராகிக்கூழ் என்று ஓட்டிவிடலாம் (கூட்டுப் பெருங்காயத்தில் மைதா இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்). பால்தான் சிக்கல். மூன்று வேளையும் தயிர்சாதம், அதுவும் அந்த ஒரே எவர்சில்வர் கிண்ணத்தில், ஒரு கடுகு தெரிந்தாலும் தட்டிவிடுகிற பிள்ளையிடம் அதையும் பிடுங்கிவிட்டால் அவன் எதைத்தான் சாப்பிடுவான்? ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் கை எலும்பைப் பார்த்த ஓர் ஆய்வு 2008-ல் அமெரிக்காவில் வந்தது. பால் நிறுத்தப்பட்டவர்களுக்குத்தான் எலும்பு ரொம்ப மெலிந்திருந்தது.

அதற்காக வயிற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லவரவில்லை. இந்தக் குழந்தைகளுக்கு மலச்சிக்கல் ரொம்ப சகஜம், வலி எங்கே என்று சொல்லத் தெரியாதே, பாவம். எங்கள் கார்த்தி சோபா கைப்பிடியில் வயிற்றை அழுத்திக்கொண்டு கவிழ்ந்து கிடப்பான், ராத்திரி தூங்காமல் சுவரில் தலையை முட்டுவான். டாக்டர் மலமிளக்கி சிரப் கொடுத்தார். வயிறு சரியானதும் முட்டுவது குறைந்தது, தூங்கினான், அப்புறம் ஸ்பீச் தெரபியிலும் உட்கார ஆரம்பித்தான். அந்தச் சமயம் பார்த்து நாங்கள் பாலையும் நிறுத்தியிருந்தால், எல்லாம் அதனால்தான் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்போம்.

இதைவிட எனக்குப் பயம், முடியை டெஸ்டுக்கு அனுப்பி உடம்பில் பாதரசம் இருக்கிறது என்று சொல்லி, அதை இறக்க ஊசி போடுகிறார்களே, அதுதான். 2005-ல் அமெரிக்காவில் அந்த ஊசியால் ஐந்து வயதுப் பையன் இறந்தே போனான், ரத்தத்தில் கால்சியம் சரிந்து இதயம் நின்றுவிட்டது. அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து வந்துவிடு. ஸ்டெம்செல் சிகிச்சையும் வேண்டாம், ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் சொல்லிவிட்டது.

முதலில் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் காட்டி வயிறு, ரத்தசோகை, வைட்டமின் டி எல்லாம் பார்த்துவிடு. அந்தப் பணத்தை ஸ்பீச் தெரபிக்கும், அன்றாட வேலைகளைப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிக்கும் வைத்துக்கொள், முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனத்திலும் விசாரி. பாலை நிறுத்திப் பார்த்தே ஆக வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், ஒரு டயட்டீஷியனைக் கேட்டுச் செய், அந்தச் சமயத்தில் வேறு எதையும் மாற்றாதே.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். கிளினிக்கில் கொடுத்த மாத்திரை லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு வா, ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். அவனையும் கூட்டிக்கொண்டு வா, அவனுடைய கிண்ணத்தோடு.

அன்புடன்,
மாலதி